மாரில் வலி இல்லாதவரைப் பேருந்தில் ஏற்றாதீர்கள்

மலாக்கா மாநில ஆலய நிர்வாகத்தினருக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்



திருவிழாக் கணக்கு முடிந்து கையிருப்பில் கொஞ்சம் வெள்ளி மிஞ்சினால், அதை ஊர் சனத்துக்கு உருப்படியாக எதற்காவது செலவழிக்க வேண்டும் என்று நினைக்கும் நிர்வாகங்களுக்கு நம் மாநிலத்தில் குறைவில்லை. முன்பு அது பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தகப்பையாகவும் முதியவர்களுக்கு அரிசி மூட்டையாகவும் போனது. இப்போது பேச்சு இருதயப் பரிசோதனைப் பக்கம் திரும்பியிருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவர்களை ஒரு பேருந்தில் ஏற்றி, நகரத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், சி.டி. ஸ்கேன் எடுத்து, அதை ஏ.ஐ. மென்பொருளிடம் கொடுத்துவிட்டால் யார் யாருக்கு இருதயக் குழாயில் அடைப்பு என்று ஒரே நாளில் தெரிந்துவிடுமே என்கிறார்கள்.

இந்த மடல் அந்த யோசனையைப் பற்றியது. சொன்னவர்களின் மனசு நல்லது. கருவியும் நல்ல கருவிதான். ஆனால் கருவி ஒரு பக்கமும் அது தேவைப்படும் ஆள் இன்னொரு பக்கமும் நிற்கிறார்கள். அந்த ஸ்கேன் யாருக்குத் தேவையோ அவர் பேருந்தில் ஏற மாட்டார். ஏறி உட்கார்ந்திருப்பவரில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது.

உங்கள் பயத்தில் தவறில்லை. புள்ளிவிவரத் துறையின் கணக்கில் 2020ஆம் ஆண்டு மலேசியாவில் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 17 விழுக்காடு இருதயக் குழாய் நோயால் நிகழ்ந்தவை. வேறெந்த நோயும் அந்த ஆண்டு அதைத் தாண்டவில்லை. மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய ஏழு விழுக்காடு. தேசிய இருதய நோய்ப் பதிவேட்டில் மாரடைப்போடு வந்து சேர்ந்தவர்களை எண்ணினால் நம் பங்கு அதைவிட மிகக் கூடுதல். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகச் சொன்னது. இந்தியரை மட்டும் எடுத்தால் அது 31.4 விழுக்காடு. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளிவந்தது. அதன் தரவில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. மற்ற நாட்டாருக்கு ஏறத்தாழ 59. ஆறு ஆண்டு முந்துகிறோம். அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: புகை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், தொப்பை, மனஅழுத்தம் என்று ஒன்பது காரணங்களிலேயே உலகின் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு அடங்கிவிடுகிறது. இந்த ஒன்பதில் எதையும் கண்டுபிடிக்க சி.டி. ஸ்கேன் தேவையில்லை. இதைப் பிறகு பேசுவோம்.

முதலில் அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். விளம்பரத் தாளில் அது மந்திரம் மாதிரி இருக்கிறது. உள்ளே போனால் மந்திரம் இல்லை, நல்ல வேலை.

முன்கை ரத்தக் குழாயில் அயோடின் கலந்த சாய ஊசி போடுவார்கள். சாயம் இருதயக் குழாய்களை எட்டும் நொடியில், மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இருதயத் துடிப்போடு ஒத்திசைத்துப் படம் எடுக்கப்படும். படம் என்றால் ஒன்றல்ல, அரை மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக நூற்றுக்கணக்கான வெட்டுகள். மென்பொருள் பெருநாடியிலிருந்து புறப்படும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, நடுக்கோடு வரைந்து, வளைந்து நெளிந்து ஓடும் குழாயைப் பந்தலிலிருந்து இறக்கிய பாகற்கொடியைத் தரையில் நேராக விரித்ததுபோல் நிமிர்த்திக்கொள்கிறது. பிறகு உள்ளே சாயம் ஓடும் வழி எங்கே குறுகுகிறது, எத்தனை விழுக்காடு குறுகுகிறது, சுவரில் படிந்திருப்பது சுண்ணாம்பா கொழுப்பா என்று அளக்கிறது. கதிரியக்க நிபுணரும் இதைத்தான் கண்ணால் செய்கிறார். மென்பொருளுக்குக் களைப்பு இல்லை. அவருக்கு ராத்திரி இரண்டு மணிக்குக் கண் சொக்கும்.

இது நேற்று முளைத்ததும் அல்ல. சுண்ணாம்புப் படிவை எண்ணாக்கும் முறையை ஆர்தர் அகாட்ஸ்டனும் அவர் கூட்டாளிகளும் 1990லேயே வெளியிட்டார்கள். இன்றும் அறிக்கையில் அவர் பெயரோடுதான் அந்த எண் வருகிறது. ஆர்கேடியா என்ற இஸ்ரேலிய நிறுவனம், ஏ.ஐ. என்ற சொல் தெருவுக்கு வருவதற்கு வெகு முன்பே, மாரில் வலியோடு அவசரப் பிரிவுக்கு வருபவரின் சி.டி. படத்தில் 50 விழுக்காடோ அதற்கு மேலோ குறுகல் இருக்கிறதா இல்லையா என்று தானாகவே சொல்லும் மென்பொருளைச் செய்தது. அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப ஒரே முடிவு: அது ‘இல்லை’ என்றால் பெரும்பாலும் இல்லை, ‘இருக்கிறது’ என்றால் மருத்துவர் இன்னொரு தடவை பார்த்தாக வேண்டும். பிறகு ஸ்டான்ஃபோர்டிலிருந்து கிளம்பிய ஹார்ட்ஃப்ளோ, படத்தை வைத்தே ரத்த ஓட்டத்தைக் கணித்து, குறுகல் உண்மையில் ஓட்டத்தைத் தடுக்கிறதா என்று சொல்லும் முறையைக் கொண்டுவந்தது. அமெரிக்கா 2014இல் அதற்கு அனுமதி தந்தது. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2017இல் பரிந்துரைத்தது. ஆர்கேடியாவும் ஹார்ட்ஃப்ளோவும் மாரில் வலி என்று வந்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை. இந்த ஒரு விவரத்தை விளம்பரத் தாளில் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

இனி நம் உடம்புக்கு வருவோம்.

இருதயக் குழாய் ஒன்றின் உள்விட்டம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி அடைத்தால் மீதி வழி 1.5 மில்லிமீட்டர். 70 விழுக்காடு அடைத்தால் மீதி 0.9. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 0.6 மில்லிமீட்டர். படத்தின் ஒரு புள்ளியோ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். மருத்துவரின் தரவரிசையில் 50 என்றால் ‘நடுத்தரக் குறுகல்’, 70 என்றால் ‘கடுங்குறுகல்’. சிகிச்சைப் பேச்சே மாறிவிடும். அந்த எல்லைக்கோடு முழுவதும் கிட்டத்தட்ட ஒரே ஒரு புள்ளியின் மேல் நிற்கிறது. ஆகவே ‘63 விழுக்காடு’ என்று துல்லியமாக அச்சடித்த தாளைக் கையில் வாங்கும்போது, அது ஒரு மதிப்பீடு என்பதை நினைவில் வையுங்கள். 2016இல் வந்த காட்-ராட்ஸ் என்ற அறிக்கை முறையும் 0 முதல் 5 வரை வகைகளாகத்தான் பிரிக்கிறது. 63க்கும் 58க்கும் வித்தியாசம் சொல்லும் கண் யாருக்கும் இல்லை, இயந்திரத்துக்கும் இல்லை.

அடுத்தது சுண்ணாம்பு. சி.டி. படத்தில் சுண்ணாம்பு பளீரென்று வெள்ளையாக எரியும். தன் உண்மையான அளவைவிடப் பெரிதாகப் பரந்து தெரியும். பக்கத்தில் வழி திறந்திருந்தாலும் மூடியதுபோலக் காட்டும். யாருக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு அதிகம் படியும்? வயதானவர்களுக்கு, பல வருடம் இனிப்புநீரோடு இருந்தவர்களுக்கு, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு. நம் ஊர் டயாலிசிஸ் மையங்களில் விடிகாலையில் வந்து உட்கார்ந்திருக்கும் முகங்களை நினைத்துப் பாருங்கள். மென்பொருள் எங்கே அதிகம் தடுமாறுமோ அந்த உடம்புதான் நம்மிடம் அதிகம். ஏற்கெனவே குழாயைத் திறந்து வைக்கும் சின்ன ஸ்டென்ட் வைத்தவர்களின் குழாயையும் உள்ளே சரியாகப் படிக்க முடியாது.

இருதயத் துடிப்பும் ஒத்துழைக்க வேண்டும். நிமிடத்துக்கு அறுபது, அறுபத்தைந்துக்குள் இறங்கினால் படம் தெளிவு. இறங்காவிட்டால் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை தருவார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அதைத் தருவதில் தயக்கம் உண்டு. துடிப்பு தாறுமாறாக ஓடுபவரின் படம் கலங்கிவிடும். சிறுநீரகம் பலவீனமானவருக்குச் சாய ஊசியே யோசித்துப் போட வேண்டியது. இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் குழாய் விரியும் மருந்தும் தருவார்கள். வயாக்ரா வகை மாத்திரை போட்டவருக்கு அது ஆபத்து. ஊர்க்காரர்கள் நாற்பது பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் எந்த அண்ணன் வாயைத் திறந்து அதை ஒப்புக்கொள்வார் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த நிறுவனத்தின் மென்பொருளுக்கும் உரியவை அல்ல. அடைப்பு உள்ள நூறு பேரில் 95 பேரைச் சரியாகப் பிடிக்கும், அடைப்பு இல்லாத நூறு பேரில் 80 பேரைச் சரியாக விட்டுவிடும் என்று ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வலி எதுவும் இல்லாத நூறு பேரைக் கொண்டுபோகிறீர்கள். அவர்களில் ஐந்து பேருக்கு உண்மையிலேயே கடுங்குறுகல். மென்பொருள் அந்த ஐந்து பேரையும் பிடித்துவிடும். மீதி 95 பேரில் 19 பேருக்கும் ‘இருக்கிறது’ என்று சொல்லும். ஆக 24 குடும்பங்கள் அழுதுகொண்டு வீடு திரும்பும். அதில் 19 குடும்பத்தின் அழுகை வீண். அதே மென்பொருளை, நடந்தால் மார் இறுக்குகிறது என்று சொல்லும் நூறு பேரிடம் காட்டுங்கள். அவர்களில் 30 பேருக்கு உண்மையான அடைப்பு என்றால் 28, 29 பேரைப் பிடிக்கும். தவறாக மாட்டுபவர் 14 பேர். முன்னது ஐந்துக்கு ஒன்று தேறும் தாள். பின்னது மூன்றுக்கு இரண்டு தேறும் தாள். கருவி மாறவில்லை, ஆள்தான் மாறினார்.

டென்மார்க்கில் இதைக் கணக்கோடு நிறுத்தாமல் செய்தே பார்த்தார்கள். 65 முதல் 74 வயது வரையிலான 46,611 ஆண்களை எடுத்து, ஒரு பகுதியினரை சி.டி. உள்ளிட்ட இருதயப் பரிசோதனைக்கு அழைத்தார்கள்; மற்றவர்களை அழைக்கவில்லை. அங்கே எடுத்தது சாய ஊசி இல்லாத எளிய சி.டி. ஐந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்து 2022இல் முடிவைச் சொன்னார்கள்: அழைக்கப்பட்டவர்களிடம் மரணம் உறுதியாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. அது பணக்கார நாடு, ஒழுங்கான தொடர் சிகிச்சை உள்ள நாடு. நாமோ ஒரு நாள் பேருந்தோடு நின்றுவிடப் போகிறவர்கள்.

தாள் கைக்கு வந்த பிறகு நடப்பதுதான் எனக்கு அதிகக் கவலை. ‘70 விழுக்காடு அடைப்பு’ என்ற வரியைப் படித்ததும் வீட்டில் ஒப்பாரி. அடுத்த வாரம் ஸ்டென்ட் பேச்சு. அதற்கடுத்து ஈ.பி.எஃப். பணம், நகை, கடைசியில் நாளிதழில் படத்தோடு உதவிக் கோரிக்கை. அந்தக் கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு உங்கள் ஆலய அலுவலகத்துக்கே வருவார்கள். பல நாடுகளில் 5,179 நோயாளிகளைப் பின்தொடர்ந்த இஸ்கீமியா ஆய்வு 2020இல் வெளியானது. நிலையான இருதயக் குழாய் நோய் உள்ளவர்களுக்கு முதலில் மருந்தோடு தொடங்குவதைவிட, உடனே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் பக்கம் போவது மரணத்தைக் குறைக்கவில்லை என்று அது காட்டியது. மாரடைப்பு வந்தவருக்கு இது பொருந்தாது. அவருக்கு ஸ்டென்ட் உயிர் காக்கும். இடது பிரதானக் குழாய் அடைத்தவரும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. தாங்க முடியாத வலி உள்ளவர் கணக்கும் வேறு. ஆனால் வலி இல்லாமல் பேருந்தில் போய் அடைப்போடு திரும்பியவருக்கு, முதல் கேள்வி ‘எத்தனை ஸ்டென்ட்’ என்பதாக இருக்கக் கூடாது. ‘என்ன மருந்து, எத்தனை நாள்’ என்று கேட்க வேண்டும்.

சி.டி. ஸ்கேனால் மாரடைப்பு குறையும் என்று காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அதை மறைப்பது நியாயமில்லை. ஸ்காட்லாந்தில் மாரில் வலியோடு மருத்துவரிடம் வந்த 4,146 பேரை வைத்து நடந்த ஸ்காட்-ஹார்ட். சி.டி. எடுத்தவர்களிடம் ஐந்து ஆண்டுக்குள் இருதயக் குழாய் நோயால் மரணமோ மாரடைப்போ 2.3 விழுக்காடு, எடுக்காதவர்களிடம் 3.9. பெரிய வித்தியாசம். இது எதனால் வந்தது? ஸ்டென்ட் எண்ணிக்கை இரண்டு பக்கமும் ஐந்து ஆண்டு முடிவில் ஏறக்குறைய ஒன்றுதான். கூடியது ஸ்டேட்டின் என்ற கொழுப்பு மாத்திரை, ஆஸ்பிரின் போன்றவை. படத்தைப் பார்த்த மருத்துவர் சரியான ஆளுக்குச் சரியான மாத்திரை எழுதினார். தன் குழாயில் படிவு இருப்பதை அறிந்த நோயாளி அதை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கலாம். ஸ்டேட்டின் நம் அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிச் சீட்டுக்குக் கிடைப்பது. வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிட்டு, ‘கிட்னி போயிடும்’ என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்காக நிறுத்துவதும் நம் ஆட்கள்தான்.

‘அடைப்பு இல்லை’ என்ற தாளும் வேறு விதத்தில் ஆபத்து. பல மாரடைப்புகள் பாதிகூட அடைக்காத இடத்தில், சுவரில் இருக்கும் மெத்தென்ற கொழுப்புப் படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. குறுகலை மட்டும் அளக்கும் மென்பொருள் அங்கே பச்சை விளக்குக் காட்டிவிட்டுப் போய்விடும். ஸ்காட்-ஹார்ட் குழுவினரே 2020இல் இன்னொரு கட்டுரை எழுதினார்கள்: அந்த மெத்தென்ற படிவு ஓர் அளவைத் தாண்டியவர்களுக்கு மாரடைப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதனால்தான் புதிய மென்பொருள்கள் குறுகலோடு படிவின் தன்மையையும் அளக்க முயல்கின்றன. இதெல்லாம் நம் மாமாவுக்குத் தெரியாது. ‘ஏ.ஐ.யே பார்த்துச் சொல்லிடுச்சு, ஒண்ணும் இல்ல’ என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, விட்ட சிகரெட்டை மறுபடி எடுப்பார்.

பக்கத்து வீட்டுச் சிங்கப்பூர் இதை எப்படிச் செய்கிறது என்று பார்ப்பது நமக்கு உபயோகம். தேசிய இருதய மையத்தின் தலைமையில், டான் டோக் செங் மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் ஏ-ஸ்டார் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து அப்போலோ என்ற திட்டத்தை நடத்துகின்றன. அதே பெயரிலுள்ள சென்னை மருத்துவமனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருதய சி.டி. படத்திலிருந்து சுண்ணாம்பு, குறுகல், படிவு ஆகியவற்றைத் தானாக அளக்கும் கருவியை உள்ளூர் நோயாளிகளின் படங்களைக் கொண்டே செய்வது அதன் நோக்கம். விரிவான அறிக்கைக்கு நிபுணருக்கு 2 முதல் 4 மணி நேரம் பிடிக்கிறது. மென்பொருள் அதை ஏறத்தாழ 10 நிமிடத்துக்குக் கொண்டுவரும் என்பது அத்திட்டத்தார் சொன்ன கணக்கு. இத்துறை ஆய்வில் அங்கே தெரிந்த பெயர்களில் ஒன்று லோகேந்திரன் பாஸ்கரன், நம் பெயர். எனக்கு அத்திட்டத்தில் பிடித்தது வேகம் அல்ல. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று மலாக்காவில் பஸ்ஸுக்கு நிற்கும் அதே மூன்று கூட்டத்தின் இருதயத்தை வைத்து மென்பொருளைப் பழக்குகிறார்களே, அதுதான். வெள்ளைக்காரர்களின் படங்களையே பார்த்துப் பழகிய மென்பொருள் நம் குழாயைப் படிக்காது என்று நான் சொல்லவில்லை. படிக்கும். எவ்வளவு சரியாகப் படிக்கிறது என்று யாராவது நம் படங்களை வைத்து அளந்தார்களா என்பதைக் கேட்கச் சொல்கிறேன்.

விற்க வருபவரிடம் கேளுங்கள். இந்த மென்பொருள் மருத்துவச் சாதனச் சட்டம் 2012இன் கீழ் மலேசிய மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவானதா? பதிவு எண் என்ன? எந்த நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது, இனிப்புநீர்க்காரர்கள் எத்தனை பேர்? அறிக்கையில் எந்த மருத்துவர் கையெழுத்துப் போடுவார்? தவறாக ‘இருக்கிறது’ என்று வந்தால் அடுத்த பரிசோதனைக்கு யார் பணம்? நல்ல மருத்துவமனை இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. கோபப்பட்டால் வேறு இடம் பாருங்கள்.

சரி, அந்த ஸ்கேன் யாருக்கு? மேடு ஏறும்போதோ செம்பனைக் குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போதோ மார் இறுகி, நின்றால் விட்டுவிடுகிறவருக்கு. அதை ‘காத்து’ என்று சொல்லி இஞ்சித் தண்ணி குடித்துவிட்டு மறுநாளும் வேலைக்குப் போகிறாரே, அவருக்கு. தாடையிலும் தோளிலும் நெஞ்சுக் குழியிலும் வலிக்கிறது, கொஞ்சம் நடந்தால் மூச்சு வாங்குகிறது, ஆனால் பேரப்பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் மருத்துவரிடம் போக நேரமில்லை என்னும் அம்மாவுக்கு. பெண்களுக்கு இருதய நோய் வராது என்ற நினைப்பு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர்களை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்ற யோசனை மருத்துவருக்கே சில சமயம் தாமதமாகத்தான் வருகிறது. பல வருட இனிப்புநீர்க்காரருக்கு நரம்பு மரத்துப்போய் வலியே தெரியாமல் போகலாம். அவருக்கு மூச்சு வாங்குவதே வலி. இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்பார்கள் சிலர். படுத்துக்கொண்டு எடுத்த இ.சி.ஜி. நன்றாக இருப்பதற்கும் குழாய் நன்றாக இருப்பதற்கும் சம்பந்தம் குறைவு. இப்படி மாரில் வலியோடு வருபவர்களுக்காக இங்கிலாந்தின் நைஸ் 2016லேயே சி.டி. ஆஞ்சியோகிராம் என்ற இந்தச் சாய ஊசி ஸ்கேனை முதல் பரிசோதனையாக வைத்துவிட்டது.

இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வேறு யாரிடமும் இல்லை. உங்களிடம் இருக்கிறது. தெபோங்கில் எந்த வீட்டு மாமா படியேறும்போது நின்று நின்று ஏறுகிறார், மெர்லிமாவில் எந்த அக்கா இரண்டு மாதமாகக் கோயிலுக்கு வரவில்லை, ஆசகானில் யாருடைய அப்பா 45 வயதில் தூக்கத்திலேயே போனார், இதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டுத் தோட்டத் தொழிலைத் தொடங்கியதிலிருந்து, வெட்டுக்காட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது கங்காணிக்கு முதலில் தெரிந்தது, பிறகு டிரஸ்ஸருக்குத் தெரிந்தது. தோட்ட ஆஸ்பத்திரி டிரஸ்ஸரைப் பற்றி நல்லதும் கெட்டதும் சொல்லலாம். எல்லாருக்கும் ஒரே வெள்ளை மாத்திரை கொடுத்தவர் என்ற கேலி என் பாட்டி காலத்திலிருந்து வருகிறது. ஆனால் லயத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் பெயர் என்ன என்று அவருக்குத் தெரியும். தோட்டம் துண்டாகி, சனம் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் சிதறியபோது, அந்த ஒரு ஆள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார். அவர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

தமிழ்நாட்டில் அந்த வேலையை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர் வீட்டு வாசலுக்கே வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார். 2023இல் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்தது. மாரில் வலியோடு வருபவருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டேட்டின் என்று மொத்தம் 14 மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். இரண்டிலும் ஏ.ஐ. இல்லை.

இங்கேயும் கதவுகள் திறந்திருக்கின்றன, நாம் உள்ளே போவதில்லை. பெக்கா பி40 திட்டம் 2019இல் தொடங்கியது. தகுதியுள்ள நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பதிவுபெற்ற கிளினிக்குகளில் இலவசப் பரிசோதனை. சொக்சோ சந்தாதாரர்களுக்கு நாற்பது வயதில் இலவசப் பரிசோதனை 2013லிருந்து இருக்கிறது. உங்கள் பகுதியில் தகுதி இருந்தும் போகாதவர் எத்தனை பேர் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்னதான வரிசையில் கேட்டுப் பாருங்கள். நாள் சம்பளம் போய்விடும் என்பார்கள், ஃபாரம் மலாய் மொழியில் இருக்கிறது, புரியவில்லை என்பார்கள், போனால் ஏதாவது நோய் சொல்லிவிடுவார்கள் என்பார்கள். மூன்றாவது காரணம்தான் பெரிது. அதற்குக் கூடப்போகிற ஆள் வேண்டும்.

ஆகவே அந்தப் பணத்தை இப்படிச் செலவழியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளிலும் ஒரு நல்ல ரத்தக் கொதிப்புக் கருவி இருக்கட்டும். பிள்ளையைக் கூப்பிட வரும் பாட்டியும் தாத்தாவும் கையை நீட்டட்டும். செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்துக்கு மாசி மகத்தன்று வரும் கூட்டத்தில் மோர்ப்பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். நடக்கும்போது மார் இறுகுகிறதா, எத்தனை மாதமாக, இனிப்புநீர் இருக்கிறதா, அப்பாவோ அண்ணனோ சின்ன வயதில் போனாரா என்ற நாலு கேள்வியைத் தமிழில் அச்சடித்து வையுங்கள். ‘ஆம்’ என்றவரை ஒரு தொண்டர் கிளினிக்குக்குக் கூட்டிப்போகட்டும். அவருடைய அன்றைய நாள் சம்பளத்தை ஆலயம் கொடுக்கட்டும். சி.டி. ஸ்கேனுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்து, அரசாங்க மருத்துவமனைத் தேதி தூரமாக இருந்து, கையில் பணமும் இல்லை என்றால், அந்த ஒருவருக்குத் தனியாரில் எடுக்க ஆலய நிதியிலிருந்து உதவுங்கள். அங்கே மென்பொருளும் படிக்கட்டும், மருத்துவரும் படிக்கட்டும். நாற்பது பேருக்குச் சிதறும் பணத்தில் இப்படிப்பட்ட ஆறேழு பேரையாவது காப்பாற்றலாம். மார்வலி பத்து பதினைந்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, இடது கையில் இறங்கினாலோ கிளினிக்குக்கும் ஸ்கேனுக்கும் போகாதீர்கள், 999ஐ அழையுங்கள் என்பதையும் அதே தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அதை உங்கள் லெட்டர்ஹெட் இல்லாமல் யாரும் செய்ய முடியாது. மாநிலச் சுகாதாரத் துறைக்கும் உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். ஜாசினிலோ அலோர் காஜாவிலோ மாரில் வலி என்று அரசாங்க கிளினிக்குக்குப் போகும் ஒருவருக்கு இருதய சி.டி. ஸ்கேன் கிடைக்க எத்தனை மாதம் ஆகிறது, அறிக்கை வர எத்தனை வாரம் ஆகிறது, இந்த மென்பொருள் அரசாங்க மருத்துவமனைக்கு வந்தால் அந்தக் காத்திருப்பு எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். அறிக்கை எழுத ஆள் பற்றாக்குறையாக இருக்கும் இடத்தில்தான் அந்த மென்பொருளுக்கு உண்மையான வேலை இருக்கிறது. பதில் வந்தால் அடுத்த பொதுக்கூட்டத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள், இரண்டாவது கடிதத்தில் பக்கத்து ஊர் ஆலயத்தின் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்